பெரட்டில் எண்ணிய நான்கு கைகள்

நான் கடைசியாக வேலை பார்த்த கைத்தொலைபேசிக் கம்பனியின் இளைஞர்கள், நான் ஓய்வு பெற்ற பிறகும் என்னை விடுவதாக இல்லை. டிக்கோயாவுக்கு மேலே புதிதாக ஒரு கோபுரம் நிறுத்தப் போகிறார்களாம். எந்தத் தோட்டத்தில் எந்த நேரத்தில் எத்தனை பேர் பேசுவார்கள் என்று அவர்களுடைய கொம்பியூட்டர் நிறம் நிறமாகப் படம் போட்டுக் காட்டுகிறது. "ஒங்க காலத்துல இதெல்லாம் இல்லயே அங்கிள், எத்தன லைன் வேணும்னு எப்புடிக் கண்டுபுடிச்சீங்க? எழுதித் தாங்களேன், எங்க சஞ்சிகைல போடுறோம்" என்று கேட்டார்கள். வெற்றிக் கதை எதையோ எதிர்பார்க்கிறார்கள் என்று நினைக்கிறேன். என்னிடம் அப்படி ஒன்று சிறியதாக இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லப்போவது வேறு.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். ஹட்டனில் ஒரு ரேடியோ திருத்தும் கடையில் மூன்று வருடம் ஈயம் உருக்கினேன். பிறகு கம்பி இழுக்கப் பழகினேன். தொண்ணூறுகளின் நடுவில், ஹட்டனில் புடவைக்கடை வைத்திருந்த ஒரு முதலாளி கடையின் முன்பக்கத்தைத் தடுத்து ஆட்கள் காசு கொடுத்துப் பேசும் ஒரு கொமினிகேசன் திறந்தார். இரண்டு தொலைபேசி, இரண்டு பலகைக் கூண்டு, மேசைமேல் நேரம் காட்டும் ஒரு சிறிய பெட்டி. என்னை அதற்குப் பொறுப்பாகப் போட்டார். மூன்று வருடத்துக்குள் நோர்வூட்டில் ஒன்று, பொகவந்தலாவையில் ஒன்று என்று கடைகள் பெருகின.

நான் பயந்த சுபாவம் உள்ளவன். வானம் இருட்டினால் நோர்வூட் கடையில் லைனைக் கழற்றிவிட்டார்களா என்று ஹட்டனிலிருந்து எடுத்துக் கேட்பேன். கழற்றியிருந்தால் பதில் வராது. பதில் வராததால் இடி விழுந்துவிட்டதோ என்று பஸ் ஏறிப் போவேன். போய்ப் பார்த்தால் கழற்றிய கம்பியைப் பக்கத்தில் வைத்துவிட்டு வடை தின்றுகொண்டிருப்பார்கள்.

எந்தக் கடைக்கு எத்தனை லைன் என்று முதலாளி கண் பார்வையிலேயே முடிவு செய்வார். மாத பில்லைத் தூக்கிப் பார்ப்பார், கூடியிருந்தால் இன்னொரு லைனுக்கு விண்ணப்பம் போடச் சொல்வார். அது கைக்கு வர வருடக் கணக்காகும். வந்த பிறகு வேறு கடைக்கு மாற்றவும் முடியாது. இரண்டு தடவை பிழையான இடத்தில் லைன் எடுத்துச் சூடுபட்ட பிறகுதான், தொலைபேசித் திணைக்களத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற குணநாயகம் சேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். சேர் யாழ்ப்பாணத்துக்காரர். சண்டை காரணமாக ஊர் திரும்பாமல் ஹட்டனிலேயே வாடகை வீட்டில் இருந்தார்.

சேர் வேலை நேரத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கடை வாசலின் ஒரு மூலையில், முழங்கையில் குடையைக் கொளுவிக்கொண்டு, ஒரு தாளும் இரண்டு பென்சிலுமாக நிற்பார். முதல் நாளே என்னிடம் சொன்னார்: "பில் பேசினவனை மட்டும்தான் சொல்லும் தம்பி. பேசாமத் திரும்பிப் போனவனைச் சொல்லாது. எங்களுக்கு வேண்டியது அவன்தான்."

தாளில் கால் மணித்தியாலத்துக்கு ஒரு கோடு. கோட்டில் மூன்று கட்டம்: பேசிக்கொண்டிருப்பவர், காத்திருப்பவர், திரும்பிப் போனவர். நாள் முழுவதும் கூட்டிப் பார்க்கக் கூடாது. ஒரு கிழமையின் ஏழு நாளில் மிக நெருக்கமான ஒரே ஒரு மணித்தியாலத்தைக் கண்டுபிடித்து, அந்த மணித்தியாலத்துக்கு எத்தனை லைன் வேண்டும் என்று பார்க்க வேண்டும். பிழைத்தால் அழிக்கக் கூடாது. மேலே கோடு போட்டுப் பக்கத்தில் எழுத வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சட்டம் வைத்திருந்தார். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் 'எ' அல்லது 'ஊ' போட வேண்டும். எண்ணியது என்றால் எ. ஊகம் என்றால் ஊ. ஊ போடுவது குற்றமில்லை, ஊவுக்கு எ போடுவதுதான் குற்றம் என்பார்.

ஒரு தடவை நான் 'சுமார் பத்து' என்று எழுதிவிட்டேன்.

"சுமார் எண்டு ஒரு இலக்கம் எங்க படிச்சனீர்?"

"எட்டாம் வகுப்பு வரைக்கும் அது வரலீங்க சேர். ஒம்பதுல இருந்திருக்கும்."

சேர் வாய்விட்டுச் சிரித்தது அந்த ஒரு தரம்தான்.

அப்படி நோர்வூட்டில் இரண்டு கிழமை எண்ணினோம். ஞாயிறு காலை பத்திலிருந்து பதினொன்று வரை வந்தவர்களில் மூன்றில் ஒருவர் பேசாமல் திரும்பிப் போனார். முதலாளிக்குத் தாளைக் காட்டி, ஹட்டனுக்கு என்று வைத்திருந்த விண்ணப்பத்தை நோர்வூட்டுக்கு மாற்றினோம். அது சரியாகப் போயிற்று. சொல்லக்கூடிய வெற்றி அது ஒன்றுதான்.

பொகவந்தலாவைக் கடையில் மூன்று லைன். நாலாவது கிடைக்காது, புதிய கேபிள் இழுக்கும் வரை அந்தப் பக்கம் மிச்சமே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இரண்டில் ஆட்கள் வந்து பேசுவார்கள். முதலாவது லைனை வெளியிலிருந்து வரும் அழைப்புக்கென்று சேர் ஒதுக்கி வைத்திருந்தார். சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டு வேலைக்குப் போன பிள்ளைகள் எல்லோரிடமும் அந்த நம்பர்தான் இருந்தது. பாஸ்போர்ட்டின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதிக்கொண்டு போவார்கள். அழைப்பு வந்தால், கடையில் இருந்த செல்வி பெயரையும் தோட்டத்தையும் கொப்பியில் எழுதி, இத்தனை மணிக்குத் திரும்ப எடு என்பாள். தோட்டத்துக்கு ஏறும் பாண் வான்காரனிடம் சொல்லிவிடுவாள். அம்மா மலையிலிருந்து இறங்கி வந்து காத்திருப்பார். இதில் கடைக்கு வருமானம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பாதி நேரம் அந்தத் தொலைபேசி சும்மா இருக்கும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு முதலாளி கொம்பியூட்டர் வாங்கினார். ஈமெயில் வந்துவிட்டது, கொழும்பு ஏஜென்சிக்காரர்கள் விசாத் தாள்களை அதில்தான் அனுப்புகிறார்கள், நாம் எடுத்து அச்சடித்துக் கொடுக்க வேண்டும் என்றார். கொம்பியூட்டருக்கு ஒரு லைன் வேண்டும்.

"ஏன்டா ஜெயராமா, அந்த மொத லைன் சும்மாதானே கெடக்கு? அதுக்கு ஏன் நீயும் ஒன் சேரும் காவல் நிக்கிறீங்க?"

"வெளிநாட்டு கோல் வருங்க மொதலாளி."

"எத்தன வரும்? ஒங்க தாள்ல காட்டு. தாள்ல இல்லாததுக்கு நான் ஏன்டா பயப்படணும்? திங்கக்கெழம கொம்பியூட்டர் வருது."

சேரிடம் போனேன். அவர் யோசித்துவிட்டு, "வாற அழைப்பை மட்டும் எண்ணினால் காணாது. லைன் பிஸியாக இருக்கேக்க எடுத்தவையள் எத்தினை பேர் எண்டு கடையில நிண்டு பார்க்கேலாது. தாய்மாரிட்டத்தான் கேக்க வேணும். ஆருடைய மகள் வெளிநாட்டில, எந்த நாள் எடுக்கிறவள், எத்தினை தரம் முயற்சி பண்ணினவள் எண்டு வீடு வீடாக் கேட்டுக்கொண்டு வாரும்" என்றார்.

வீடு வீடாக என்றால் தோட்டங்களின் பத்துப் பன்னிரண்டு டிவிசன். லயம் லயமாக, தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளெல்லாம் ஏறி இறங்க இரண்டு கிழமையாவது வேண்டும். எனக்கு இருந்தது நான்கு நாள். மழை வேறு. கொம்பியூட்டர் வந்து இறங்கும்போது தாள் முடியாமல் இருந்தால் என்ன ஆகும் என்று பயந்துகொண்டே இருந்தேன். ஒரு வழி தோன்றியது. காலையில் பெரட்டுக்களத்தில் டிவிசனில் உள்ள எல்லோரும் ஒன்றாக நிற்பார்கள். பேர் கூப்பிட்டு வேலை பிரித்து அனுப்பும் நேரம். அங்கே போனால் ஒரே இடத்தில் எல்லோரையும் கேட்டுவிடலாம்.

வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் அனுமதி கேட்டுக்கொண்டு போனேன். அவர் பக்கத்திலேயே பேர்ப் பதிவான செக்ரோலோடு நின்றார். நான் சத்தமாகக் கேட்டேன்: "வெளிநாட்டுல புள்ளைங்க இருக்கறவங்க கையத் தூக்குங்க. போன் லைன் விசயமாத்தான் கேக்குறேன்."

நான்கு டிவிசனுக்குப் போனேன். மொத்தம் நான்கு கைகள்.

நானும் லயத்தில் பிறந்தவன்தான். பெரட்டில், கண்டாக்குக்கு முன்னால், வீட்டில் யார் இருக்கிறார் யார் இல்லை என்று ஒருவரும் உண்மை சொல்லமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். செக்ரோலில் பேர் உள்ள பிள்ளை வெளிநாடு போய்விட்டாள் என்று தெரிந்தால் பேரை வெட்டிவிடுவார்கள், அந்தப் பேருக்காகக் கிடைத்த லயத்து அறையான காம்பராவும் போய்விடும் என்று பயம். அதனால் மகள் கொழும்பில் சித்தி வீட்டில் இருக்கிறாள், பதுளையில் கட்டிக் கொடுத்துவிட்டோம் என்று ஏதாவது சொல்லி வைத்திருப்பார்கள். எங்கள் லயத்திலேயே அப்படிச் சொன்னவர்கள் இருந்தார்கள். எல்லாம் தெரிந்துகொண்டுதான் நான் தாளில் 4 என்று எழுதினேன். எண்ணினேன்தானே? பக்கத்தில் எ போட்டேன்.

சேர் அந்தக் கட்டத்தில் பென்சிலை வைத்தார்.

"நாலு. ஆர் எண்ணினது?"

"நான்தாங்க சேர்."

"எங்க வைச்சு?"

"பெரட்டுல வச்சுங்க சேர். எல்லாரும் வந்து நிப்பாங்க."

"எல்லாரும் வருவினமோ?"

"வரலைன்னா அன்னைக்கிப் பேரும் இல்ல, சம்பளமும் இல்லீங்களே சேர்."

யாழ்ப்பாணத்து மனிதருக்குப் பெரட்டு எப்படித் தெரியும்? நல்ல ஏற்பாடு என்று தலையாட்டினார். கையெழுத்துப் போட்டார். திங்கள் முதல் சனி வரை முதலாவது லைன் கொம்பியூட்டருக்கு, ஞாயிறும் பௌர்ணமி விடுமுறையான போயாவும் மட்டும் வெளி அழைப்புக்கு என்று திட்டம் முடிவானது. அம்மாமார் கடைக்கு இறங்கி வருவது ஞாயிற்றுக்கிழமைதானே, அதுவே போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமைகளில் கொம்பியூட்டருக்கு ஓய்வே இல்லை. திங்கள் கொழும்பில் நேர்முகம் உள்ளவர்களுக்கு வெள்ளிதான் தாள்கள் வரும். அந்தக் கால வேகத்தில் ஒரு விசாப் பிரதி இறங்க அரை மணித்தியாலம் எடுக்கும். மத்தியானத்திலிருந்து கடை அடைக்கும் வரை லைன் பிஸி. புதிதாக அரபு நாட்டுக்குப் போகிற பிள்ளைகளின் தாள்கள் அந்த லைனில் இறங்கிக்கொண்டே இருந்தன.

இரண்டு மாதம் போயிருக்கும். செல்வி என்னிடம் வந்தாள். "அண்ணே, காமாச்சியக்காவோட மக புஷ்பா லெட்டர் போட்டிருக்கு. வெள்ளிக்கெழம மட்டும் அந்த லைன விட்டுக் குடுப்போமா?"

காமாட்சியம்மா பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். புருசன் இல்லை. ஒரே மகள். கடிதத்தை நானும் வாசித்தேன். இருக்கிற வீட்டு எஜமானி அவளைத் தன் தங்கச்சி வீட்டுக்கு, வேறு ஊருக்கு, அனுப்பப் போகிறாளாம். அங்கே கடிதம் எழுத விடமாட்டார்கள் போலிருக்கிறது. 'பேரும் ஊரும் தெரிஞ்சதும் வெள்ளிக்கிழமை போன் எடுத்துச் சொல்றேன் அம்மா. வெள்ளிக்கிழமைதான் இவங்க வெளிய போவாங்க. செல்வியக்காவ எழுதி வச்சுக்கச் சொல்லுங்க. அது தெரியாம என்னைத் தேட முடியாது' என்று எழுதியிருந்தாள்.

"ஞாயித்துக்கெழம லைன் தொறந்துதானே இருக்கு? கெடைக்கலைன்னா ஞாயித்துக்கெழம எடுக்கும்" என்றேன்.

"அண்ணே, அங்க வெள்ளிக்கெழமதான் ஞாயித்துக்கெழம."

"தாள்ல நாலு பேருதான் செல்வி. ஒருத்தருக்காக மாத்துனா மொதலாளி என்னையக் கேப்பாரு."

எல்லாவற்றுக்கும் பயப்படுகிற நான், அன்றைக்கு முதலாளிக்குப் பயந்தேன்.

காமாட்சியம்மா ஒவ்வொரு ஞாயிறும் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். செல்வி கொப்பியைப் புரட்டும் சத்தம் கேட்டதும் தலையைத் தூக்கிப் பார்ப்பார். பிறகு பக்கத்திலிருந்த பெண்ணிடம் சொல்வார்: "போன எடத்துல நல்லாருக்காபோல. நல்லாருந்தா ஆத்தா நெனப்பு எதுக்கு?"

கடிதம் வந்த பிறகு ஆறாவது வெள்ளிக்கிழமை இடி விழுந்து கொம்பியூட்டரின் மோடம் கருகிப்போனது. நான் பஸ்ஸில் போய்ச் சேரும்போது பின்னேரம் இரண்டு மணி. லைன் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, கொம்பியூட்டரைக் கழற்றிவிட்டுப் பழைய தொலைபேசியை மாட்டினேன். கையை எடுக்கவில்லை, மணி அடித்தது.

"ஹலோ, செல்வியக்காவா? ஐயோ, கெடச்சிருச்சு! எத்தன வாரமா அடிக்கிறேன், எப்பப் பாத்தாலும் பிஸி. கடைய மூடிட்டாங்களோன்னு நெனச்சேன். எங்கம்மா உசுரோட இருக்கா?"

வேறு ஒரு பிள்ளை, குவைத்திலிருந்து. செல்வி எழுதிக்கொண்டாள். வைத்தவுடன் மறுபடி அடித்தது. இன்னொரு பிள்ளை. அவளும் அதையேதான் சொன்னாள். வைத்தால் அடிக்கும், வைத்தால் அடிக்கும். ஒருத்தி திட்டினாள்: "அங்க என்னா மந்திரி வீடா நடத்துறீங்க? லைனே கெடைக்கல!" நான் பழக்கத்தில் தாளை எடுத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மணித்தியாலத்தில் பதினேழு. கட்டம் காணாமல் கோடுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. கடை அடைக்கும் வரை நானும் செல்வியும் மாறி மாறி எடுத்தோம். ஒவ்வொரு தடவையும் அது புஷ்பாவாக இருக்கும் என்று பார்த்தோம். புஷ்பா எடுக்கவில்லை.

அன்றைக்கே லைனைப் பழையபடி மாற்றினேன். முதலாளி கத்தினார். அது எனக்குக் கேட்கவே இல்லை. அடுத்த வெள்ளி புஷ்பா எடுக்கவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் இல்லை.

காமாட்சியம்மாவைக் கூட்டிக்கொண்டு கொழும்பில் உள்ள வெளிநாட்டு வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போனேன். புதிய வீட்டு விலாசம் வேண்டும் என்றார்கள். பழைய வீட்டில் கேட்டதற்கு, அங்கே இல்லை என்று மட்டும் பதில் வந்தது. அனுப்பிய ஏஜென்சி இடம் மாறிப் போயிருந்தது. ஒவ்வொரு மேசையிலும் "விலாசம் இருக்கா?" என்றார்கள். காமாட்சியம்மா ஒவ்வொரு மேசையிலும் "போன்ல சொல்றேன்னு எழுதியிருந்துச்சுங்க" என்று அந்தக் கடிதத்தை விரித்துக் காட்டினார். மடித்து விரித்து மடித்து விரித்து அது நாலு துண்டாகப் பிரியத் தொடங்கியிருந்தது. மூன்று தடவை போனோம்.

சேரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெரட்டில் ஏன் யாரும் கை தூக்கமாட்டார்கள் என்பதையும் சொன்னேன். அவர் திட்டுவார், அடித்தாலும் நல்லது என்று போயிருந்தேன். அவர் பழைய தாளை எடுத்து வரச் சொல்லி, என் 'எ'வுக்கு மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 'ஊ' என்று எழுதினார். அதன் கீழ் இருந்த தன் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பெரட்டு எண்டால் என்ன எண்டு நான் கேட்டிருக்க வேணும்," என்றார். "கேக்கேல்லை."

அதற்குப் பிறகு சேர் கடைப்பக்கம் வரவில்லை. முதலாளி ஆள் அனுப்பியும் வரவில்லை.

ஒரு வருடத்துக்கு மேல் ஆன பிறகு, சவூதியிலிருந்து திரும்பிய ஒரு பெண் கடைக்கு வந்தாள். புஷ்பா முதலில் இருந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் வேலை செய்தவளாம். கடைசி ஐந்து வெள்ளிக்கிழமையும் புஷ்பா அவளுடைய வீட்டுக்கு ஓடி வந்து தொலைபேசி எடுத்தாளாம். "அடிச்சு அடிச்சுப் பாக்கும்ணே. பிஸி பிஸின்னு வரும். அந்த வீட்டாளுங்க திரும்பி வர்ற வரைக்கும் அடிக்கும். அஞ்சாவது வெள்ளிக்கு அப்பறம் வண்டி வந்து கூட்டிட்டுப் போச்சு. எந்த ஊருன்னு எனக்குத் தெரியாது. அது ஒரு துண்டுல எழுதி வச்சிருந்துச்சு, லெட்டர்ல போடவோ எங்கிட்டக் குடுக்கவோ வாய்க்கல."

இதைக் காமாட்சியம்மாவுக்குச் சொல்லாமல் இருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு கிழமை தள்ளிப்போட்டேன். பிறகு லயத்துக்கு ஏறிப் போனேன். அவர் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். லைனை மாற்றத் திட்டம் போட்டவன் நான், கணக்கு என்னுடையது, பிழை என்னுடையது, செல்வி வந்து சொல்லியும் நான் கேட்கவில்லை என்று சொன்னேன். அவர் என்னை ஏசுவதற்காகக் காத்து நின்றேன்.

"அப்ப எம்புள்ள அடிச்சிருக்காளா?" என்றார்.

"ஆமாங்கம்மா."

"என்னைய மறக்கலயா?"

அவர் அழுதார். துக்கத்தில் அழுகிறவர் மாதிரி இல்லை. இவ்வளவு நாளும் மகள் தன்னை மறந்துவிட்டாள் என்று நினைத்து, பெற்ற மகளையே மனதுக்குள் ஏசிக்கொண்டு இருந்திருக்கிறார். முகத்தைத் துடைத்துக்கொண்டவர் திடீரென்று நிறுத்தி, "அன்னைக்கிப் பெரட்டுல நீ கேட்டப்ப நான் கையத் தூக்கலயே தம்பி. காம்பராவ எடுத்துருவாங்கன்னு பயந்துட்டேன். நான் தூக்கியிருந்தா?" என்றார்.

"அஞ்சாயிருக்கும் அம்மா. அஞ்சுன்னாலும் நான் மாத்தித்தான் இருப்பேன்" என்றேன். அது உண்மை. அவர் அதை ஏற்றுக்கொண்ட மாதிரித் தெரியவில்லை.

பிறகு கேட்டார்: "எத்தன தடவ அடிச்சிருப்பா?"

பிஸியில் போன அழைப்புக்கு எங்கேயும் பதிவு இல்லை. பில்லில் இல்லை, கொப்பியில் இல்லை, என் தாளில் இல்லை. "தெரியலீங்கம்மா" என்றேன்.

அவர் விரலை மடக்கினார். "அஞ்சு வெள்ளி. வெள்ளிக்குப் பத்துத் தடவயாச்சும் அடிச்சிருப்பா, அவ புடிவாதக்காரி. அம்பது." பக்கத்துக் காம்பராப் பெண்ணைக் கூப்பிட்டார். "ஏ லெச்சுமி, எம்மக அம்பது தடவ எனக்குப் போன் அடிச்சிருக்கா! இந்தா, லைன் பாக்குற தம்பியே வந்து சொல்லுது." என் பக்கம் திரும்பினார். "ஆமாதானே தம்பி?"

"ஆமாங்கம்மா," என்றேன். "அம்பது."